மருந்து நின்ற பிறகு வந்த வலி

"இவ்வளவு மாத்திரை போட்டும் எப்படிப்பா வலிக்கும்?"

அப்பாவிடம் நான் இப்படிக் கேட்டது ஒரு தடவை இல்லை. முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று வருடமாக அவர் ஓபியாய்டு வகை வலி மாத்திரைகளில் இருந்தார். மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால் எல்லாம் அந்தக் குடும்பம்தான். மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போனது, வலியும் ஏறிக்கொண்டே போனது. முதலில் இடுப்போடு இருந்தது தொடைக்கு இறங்கியது, தோளுக்கு ஏறியது. கடைசியில் போர்வை காலில் உரசினாலே பல்லைக் கடிப்பார். மாத்திரைக்குப் பழகிவிட்டார், கூட்டிக் கேட்பதற்காகவே வலி என்கிறார் என்று வீட்டில் ஒருவர் சொன்னபோது நான் மறுத்துப் பேசவில்லை. அந்த மௌனம் இன்னும் என்னை உறுத்துகிறது.

அப்புறம்தான் வலி சிகிச்சை டாக்டர் ஒருவர் விஷயத்தை எடுத்துச் சொன்னார். ஓபியாய்டு சிலருக்கு நரம்பு மண்டலத்தையே வலிக்குக் கூர்மையாக்கிவிடும். வலியைக் குறைக்கத் தரும் மருந்தே வலியைக் கூட்டும் என்றார். தலையாட்டினேனே தவிர மனசில் ஏறவில்லை. சில மாதம் கழித்து, இதையே ஆரோக்கியமானவர்களிடம் சோதித்துப் பார்க்கும் ஓர் ஆய்வுக்குத் தன்னார்வலர்கள் தேவை என்று தெரிந்தது. பெயர் கொடுத்தேன்.

நோயாளிகள் இருக்கும்போது எதற்கு ஆரோக்கியமானவர்கள் என்று எனக்கும் தோன்றியது. நோயாளிக்கு வலி கூடினால் காரணம் எதுவாகவும் இருக்கலாம். நோய் முற்றியிருக்கலாம், புண் ஆறாமல் இருக்கலாம், உடம்பு மருந்துக்குப் பழகியிருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாது. வலியே இல்லாத ஒருவருக்கு, அளந்த வலியைக் கொடுத்து, அளந்த மருந்தைக் கொடுத்து, மருந்துக்கு முன், மருந்தின்போது, மருந்துக்குப் பின் என்று மூன்று முறை பார்த்தால் மாற்றம் தனியாகத் தெரியும்.

எங்களுக்குக் கொடுத்த மருந்து ரெமிஃபென்டனில். மயக்க மருந்து நிபுணர்கள் அறுவை அரங்கில் பயன்படுத்துவது. இதன் விசேஷம் வேகம். இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள நொதிகள் இதை உடனுக்குடன் உடைத்துவிடும். எத்தனை மணி நேரம் ஏற்றினாலும் சரி, நிறுத்திய மூன்று நான்கு நிமிடத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். மருந்து ஏறுவதையும் இறங்குவதையும் ஒரே உட்காரலில் பார்த்துவிடலாம் என்பதால்தான் இத்தகைய ஆய்வுகளில் இதை எடுக்கிறார்கள்.

முதல் நாள் மருந்தே கிடையாது. குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு தடைபடுமா, ஆஸ்துமா உண்டா, போதைப் பழக்கம் எனக்கோ குடும்பத்தில் யாருக்கோ இருந்ததா, இதற்கு முன் ஓபியாய்டு எடுத்திருக்கிறேனா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். சிறுநீர்ப் பரிசோதனை, இ.சி.ஜி. எல்லாம் எடுத்தார்கள். எதையும் மறைக்காதீர்கள். பணம் கிடைக்கிறது, வாய்ப்பு போய்விடும் என்று குறட்டையை மறைத்தால், மூச்சை மந்தமாக்கும் ஒரு மருந்தின் முன்னால் போய்ப் படுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஒப்புதல் படிவத்தை அங்கேயே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் படித்தேன். திரும்பப் போனபோது நான்கு விஷயம் கேட்டேன். மருந்து ஏறும்போது மூச்சுக் குழாய் போடத் தெரிந்த டாக்டர் அறையிலேயே இருப்பாரா? ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நலாக்சோன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்குமா? நடுவில் போதும் என்றால் காரணம் கேட்காமல் நிறுத்துவார்களா? ஏதாவது ஆனால் சிகிச்சைச் செலவு யாருடையது? நான்குக்கும் நேரான பதில் வந்தது. வந்திருக்காவிட்டால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். ஓபியத்திலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்த ஜெர்மன் மருந்தாளுநர் செர்ட்யூர்னர், தான் தன் மீதும் மூன்று இளைஞர்கள் மீதும் செய்த சோதனையை 1817-இல் வெளியிட்டார். நான்கு பேருக்கும் கிட்டத்தட்ட நஞ்சாகும் அளவுக்கு மருந்து உள்ளே போயிருந்தது. அந்த அறையில் நலாக்சோன் இல்லை, நெறிமுறைக் குழு இல்லை, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சொல்லும், மருத்துவ ஆய்வுகளுக்கான 1964-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி பிரகடனமும் இல்லை. என்னுடைய படிவத்தில் இருந்த ஒவ்வொரு வரியும் யாரோ பட்ட பாட்டிலிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மீதி நேரம் முழுக்கப் பயிற்சி. வலியை எண்ணாகச் சொல்லப் பழக வேண்டும். முன்கையில் மூன்று சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு சூட்டுத் தகட்டைக் கட்டினார்கள். 32 டிகிரியில் தொடங்கி நொடிக்கு ஒரு டிகிரி ஏறும். "சூடு" என்பது "வலி" ஆகும் அந்த நொடியில் பொத்தானை அழுத்த வேண்டும். 50 டிகிரியில் அதுவே நின்றுவிடும், தோல் வெந்துபோகாது. எனக்கு 44-க்கும் 45-க்கும் நடுவில் வந்தது. பிறகு கட்டைவிரல் பக்கத்துச் சதையில் ஓர் அழுத்தமானி. அப்புறம் மழுங்கிய ஊசி ஒன்றால் ஒரே இடத்தில் நொடிக்கு ஒன்றாகப் பத்து குத்து. ஊசி அதே ஊசி, விசை அதே விசை, ஆனால் பத்தாவது குத்து முதல் குத்தைவிட நன்றாக வலித்தது. முதுகுத்தண்டு வலியைக் கடத்துவதோடு நிற்காமல் கூட்டியும் அனுப்பும் என்பதை அன்றுதான் உடம்பால் தெரிந்துகொண்டேன்.

கடைசியாகப் பனிநீர். வெப்பநிலை 2 டிகிரி. மணிக்கட்டு வரை கையை முக்க வேண்டும். தொட்டிக்குள் ஒரு சின்ன மோட்டார் தண்ணீரைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. தண்ணீர் அசையாமல் நின்றால் கையைச் சுற்றி மட்டும் கொஞ்சம் சூடாகிவிடும், அளவு பொய்யாகும் என்றார்கள். வலி தொடங்கியதும் "வலி" என்று சொல்ல வேண்டும். தாங்க முடியாதபோது கையை எடுக்க வேண்டும். இந்த இரண்டும் வேறு வேறு அளவுகள். முதலாவது வலி தொடங்கும் இடம், இரண்டாவது தாங்கும் எல்லை. ஓபியாய்டு முதலாவதைவிட இரண்டாவதைத்தான் பெரிதாக மாற்றும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பயிற்சி நாளில் என் எல்லை 48 நொடி.

அந்த 48 நொடியில் ஒரு தவறு செய்யப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிடத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. அளந்துகொண்டிருந்த ஆய்வாளர் அதைக் கவனித்துவிட்டார். "இங்க யாரும் ஜெயிக்கப் போறதில்லீங்க. இன்னைக்கு வீம்புக்குத் தாங்குனீங்கன்னா, மருந்து நாள்ல வர்ற வித்தியாசம் வீணாயிரும்" என்றார். நீங்களும் இப்படி ஓர் ஆய்வுக்குப் போனால் இதை மனதில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே நேர்மையோடு கையை எடுப்பதுதான் நீங்கள் செய்ய வேண்டிய வேலை. முந்தின இரவு சரியாகத் தூங்கியிருக்க வேண்டும் என்பதும் இதே காரணத்துக்காகத்தான். தூக்கம் கெட்டால் வலி கூடும், எண்கள் கெட்டுப்போகும்.

ஒரு வாரம் கழித்து, இரத்தக் குழாய் வழியே மருந்து ஏற்றும் முதல் சொட்டு நாள். இரண்டு நாட்களில் ஒரு நாள் மருந்து, ஒரு நாள் வெறும் உப்புநீர். எது எப்போது என்று எனக்கும் தெரியாது, வலியை அளப்பவருக்கும் தெரியாது. ஆறு மணி நேரம் வெறும் வயிறு. ஒரு கையில் ஊசிக்குழாய், விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப், மூக்கில் மூச்சுக்காற்றை அளக்கும் மெல்லிய குழாய். சொட்டு தொடங்கிய ஐந்தாம் நிமிடம் தலை லேசானது. உடம்பு மிதமாகச் சூடேறியது. பனிநீரிலும் முன்பைவிட நிதானமாக இருந்தேன். மருந்துதான் என்று நிச்சயமாக நம்பினேன். எல்லாம் முடிந்த பிறகு தெரிந்தது, அது உப்புநீர்.

நான் இப்படி நம்பியதில் விசித்திரம் எதுவும் இல்லை. 2011-இல் இதே ரெமிஃபென்டனிலை வைத்து 22 ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு உண்டு. மருந்தின் அளவை மாற்றவே இல்லை. மருந்து ஏறுகிறது என்று எதிர்பார்த்தவர்களுக்கு வலிக்குறைவு இரண்டு மடங்கானது. மருந்து நின்றுவிட்டது, வலி கூடும் என்று சொல்லப்பட்டபோது, மருந்து இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பலன் காணாமல் போனது. அதற்கும் முன்பே, 1978-இல், பிளாசிபோ என்ற போலி மருந்து தரும் நிவாரணத்தை நலாக்சோன் மறிப்பதைப் பல் பிடுங்கிய நோயாளிகளிடம் காட்டினார்கள். நம்பிக்கை என்பது வெறும் எண்ணம் இல்லை, உடம்பே சுரக்கும் ஓபியாய்டும் அதில் சேர்ந்திருக்கிறது. அதனால், நோயாளியிடம் "இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது" என்று அலட்சியமாகச் சொல்பவர்கள் மருந்தின் ஒரு பகுதியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

இரண்டாவது நாள் சந்தேகத்துக்கே இடமில்லை. இரண்டு நிமிடத்தில் ஒரு கனம் தோளிலிருந்து இறங்கிப் போனது. மூக்கு நுனி அரித்தது. வயிற்றைப் புரட்டியது. அப்புறம் ஒன்று நடந்தது, அதை இன்றும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. "மூச்சு இழுங்க" என்று சிஸ்டர் சொன்னார். இழுத்தேன். சற்று நேரம் கழித்து மறுபடி, "மூச்சு இழுங்க." எனக்கு மூச்சுத் திணறவே இல்லை. மூச்சு விட வேண்டும் என்ற தேவையே தோன்றவில்லை. சொன்னால் விடுவேன், சொல்லாவிட்டால் அப்படியே கிடப்பேன். ஆக்சிஜன் 98-இலிருந்து 92-க்கு வந்ததும் மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள், சொட்டின் வேகத்தையும் சற்றுக் குறைத்தார்கள். ஓபியாய்டு உயிரைப் பறிப்பது இப்படித்தான், எந்த எச்சரிக்கையும் தராமல். வீட்டில் ஒருவர் இந்த மருந்தில் இருந்தால், அவருக்குத் தூக்க மாத்திரையோ மதுவோ சேரவே கூடாது என்று சொல்வது இதனால்தான். எழுப்பினால் எழாத தூக்கம், இடைவெளி விட்ட மூச்சு, குண்டூசித் தலைபோல் சுருங்கிய கண்மணி, இவற்றைக் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வலிக்கு வருகிறேன். சூட்டுத் தகட்டில் ஒன்றரை டிகிரிதான் மாறியது. பனிநீரிலோ இரண்டு நிமிடம் பத்து நொடி. ஆச்சரியம் அந்த நொடிக்கணக்கில் இல்லை. ஒவ்வொரு சோதனையிலும் இரண்டு எண் கேட்பார்கள்: வலி எவ்வளவு, அந்த வலி எவ்வளவு தொல்லை. பத்துக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். மருந்துக்கு முன் வலி ஏழு, தொல்லை எட்டு. மருந்தின்போது வலி ஐந்து, தொல்லை இரண்டு. கை வலித்தது, நன்றாகத் தெரிந்தது. ஆனால் அது யாருடைய கையோ போல இருந்தது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்த ஹென்றி பீச்சர் என்ற டாக்டர், பெரிய காயத்தோடு வந்தவர்களில் பலர் மார்ஃபினே கேட்கவில்லை என்று 1946-இல் எழுதினார். காயத்தின் அளவும் வலி தரும் துன்பமும் ஒரே கயிற்றில் கட்டப்படவில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். அந்தக் கயிறு அறுந்ததை நான் என் கையில் பார்த்தேன்.

இன்னொன்று. வலியைச் சொல்ல நம்மிடம் எத்தனை சொற்கள்! சுருக்கென்றது, குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, எரிகிறது, உளைகிறது. தேள் கொட்டினால் முதலில் சுருக், பிறகு மணிக்கணக்காகக் கடுப்பு. நரம்பியலும் அதையேதான் சொல்கிறது. சுருக்கென்ற முதல் வலியை வேகமான நரம்பிழைகள் நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் கொண்டுபோகின்றன. பின்னால் வரும் கடுப்பை, உறையில்லாத மெல்லிய இழைகள் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில் சுமந்து வருகின்றன. ஓபியாய்டு அதிகம் அடக்குவது இரண்டாவதை. என் விஷயத்திலும் ஊசியின் சுருக் ஏறக்குறைய அப்படியே இருந்தது, பனிநீரின் கடுப்புதான் அடங்கியது. "வலி எவ்வளவு" என்பதோடு "எப்படி வலிக்கிறது" என்றும் கேட்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

சொட்டை நிறுத்தினார்கள். பத்து நிமிடத்தில் தலை தெளிந்தது, மூச்சு தானாக வந்தது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எல்லாச் சோதனையும். மருந்து எப்போதோ போய்விட்டதால் பழைய 48 நொடி வரும் என்று நினைத்தேன். கையை முக்கியதும் தண்ணீரில் வேறு ஏதோ கலந்துவிட்டார்களோ என்று தோன்றியது. எலும்புக்குள் திருகியது. 31 நொடியில் கை தானாக வெளியே வந்துவிட்டது. பத்து குத்து ஊசியில் ஆறாவதிலேயே போதும் என்றேன். மருந்தே கொடுக்காத ஒருவரைவிட எனக்கு இப்போது அதிகம் வலிக்கிறது. மருந்தால்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உப்புநீர் நாளிலும் கடைசிச் சோதனையில் என் எண் 48-இலிருந்து 43-ஆக இறங்கியிருந்தது. களைப்பு, சலிப்பு, பசி எல்லாமே கொஞ்சம் வலியைக் கூட்டும். அந்த உப்புநீர் நாள் இருந்ததால்தான் 31-இல் எவ்வளவு மருந்தினுடையது என்று ஓரளவு சொல்ல முடிந்தது. அதுவும் ஒரே ஒருவரின் எண், அதை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. மருந்து நாளில் என்னால் எளிதாக யூகிக்க முடிந்ததும் இத்தகைய ஆய்வுகளின் பலவீனம்தான். ஆனால் இதே மருந்தைத் தன்னார்வலர்களுக்கு ஏற்றி நிறுத்தியபோது வலி கூடியதை 2003-இலிருந்தே பல குழுக்கள் கண்டிருக்கின்றன. அதற்கும் முன்னால், 1870-இல், கிளிஃபர்ட் ஆல்பட் என்ற ஆங்கில டாக்டர், மார்ஃபின் ஊசியே தான் தணிக்க வேண்டிய வலியை வளர்க்கிறதோ என்று சந்தேகப்பட்டு எழுதியிருக்கிறார். முதுகுத்தண்டில் என்ன நடக்கிறது என்பதற்கு 2009-இல் எலிகளில் ஒரு விடை கிடைத்தது. இதே மருந்தைச் சட்டென்று நிறுத்தியதும் வலி கடத்தும் நரம்பிணைப்புகள் வலுத்துவிட்டன, படிப்படியாகக் குறைத்தபோது வலுக்கவில்லை. நரம்பு செல்லில் சேதியை வாங்கிக்கொள்ளும் என்எம்டிஏ என்ற ஏற்பிக்கு இதில் பங்கு உண்டு. அதை மறிக்கும் கெட்டமைன் என்ற மயக்க மருந்தைச் சிறிய அளவில் கொடுத்தால் இந்த வலிக்கூர்மை குறைவதை மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள்.

அன்று வண்டி ஓட்டக் கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது, கூட ஒருவர் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. எனக்கு அரை நாள் விஷயம். அப்பாவுக்கு மூன்று வருடம்.

இதைப் படிக்கும் யாரும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நாள்பட எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, முன்பைவிட மோசமான வலி எல்லாம் சேர்ந்து வரும். புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு மார்ஃபின் இன்றும் பெரிய துணை. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் 1977-இல் முதல் பட்டியல் வந்த நாள் முதல் அது இருக்கிறது. அதை மறுப்பது கொடுமை. மருந்தின் அளவு கூடக்கூட வலி குறையாமல் கூடுகிறதா, முதலில் இல்லாத இடங்களுக்குப் பரவுகிறதா, தொட்டாலே வலிக்கிறதா என்று கவனியுங்கள். கவனித்ததைக் குறித்துவைத்து டாக்டரிடம் கொடுங்கள். மருந்துக்கு உடம்பு பழகிவிட்டதென்றால் அளவைக் கூட்டினால் வலி தணியும். வலிக்கூர்மை என்றால் கூட்டக் கூட்ட மோசமாகும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது டாக்டரின் வேலை, ஆனால் அவருக்கு அதற்கான விவரம் வீட்டிலிருந்துதான் போக வேண்டும்.

அப்பாவுக்கு ஏழு மாதமாக அளவை மெல்ல மெல்ல இறக்கினார்கள், வேறு வகை நரம்பு வலி மருந்தும் உடற்பயிற்சியும் சேர்த்தார்கள். இரண்டு முறை இறக்கம் தாங்காமல் நிறுத்தி, மறுபடி தொடர வேண்டியிருந்தது. இடுப்பு வலி இன்னும் இருக்கிறது. போர்வை பட்டால் வலிப்பது இல்லை.

ஆய்வு முடிந்ததும் என் எண்கள் இருந்த தாளைக் கேட்டு வாங்கி வந்து அவரிடம் காட்டினேன். 48, 130, 31. என்னவென்று விளக்கினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அரை மணி நேர மருந்துக்கா இது?"

"ஆமாப்பா."

வேறெதுவும் சொல்லவில்லை. தாளை மடித்துத் தன் மருந்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். அந்த நோட்டில் இப்போது ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு பத்தி போட்டிருக்கிறோம், வலிக்கு ஒன்று, தொல்லைக்கு ஒன்று. நேற்று ஆறு, மூன்று என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் "குத்தல் இல்லை, கடுப்பு மட்டும்" என்று குறித்திருந்தார்.